நேரத்துக்கு வந்துவிட்ட பேருந்து

ஜூன் 3, திங்கள்

பேசாமல் இருப்பதற்குச் சம்பளம் தரும் வேலை ஒன்று உலகத்தில் உண்டு என்று இத்தனை நாள் எனக்கு யாரும் சொல்லவில்லை. இன்று அதில் சேர்ந்துவிட்டேன்.

வேலையின் பெயர் மறைமுகப் பயணி. கோயம்புத்தூரின் நகரப் பேருந்துத் தடங்கள் எப்படி ஓடுகின்றன என்று மதிப்பிட எங்கள் நிறுவனத்துக்கு ஒப்பந்தம் கிடைத்திருக்கிறது. ஒரே பேருந்தில் தினமும் சாதாரணப் பயணியைப் போல ஏறி இறங்கி, மாலையில் மதிப்பெண் போட வேண்டும். நேரந்தவறாமை, தூய்மை, நடத்துநரின் பண்பு, பயணிகள் எண்ணிக்கை, பாட்டுச் சத்தம்.

மேலாளர் ஞானராஜ் சார் விதிகளைச் சொன்னார். "நீங்க யாருன்னு ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. யார்கிட்டயும் பழக்கம் வெச்சுக்கக் கூடாது. ஒரு வடைகூட வாங்கித் திங்கக் கூடாது."

"அவங்களா கொடுத்தா, சார்?"

"உங்களுக்கு ஏம்மா கொடுக்கப் போறாங்க?"

அவர் சொன்னதும் நியாயம்தான். கல்லூரியில் மூன்று வருடம் முதல் வரிசையில் உட்கார்ந்து படித்தேன். பிரிவுபசார விழாவில் துறைத் தலைவர் என்னிடம் வந்து, "நீ யாரோட தங்கச்சிம்மா?" என்று விசாரித்தார்.

எனக்கு விழுந்த தடம் சிட்டேரிப்பாளையத்திலிருந்து காந்திபுரம். தனியார் டவுன் பஸ், பெயர் 'செவ்வந்தி'. ஆய்வில் இருக்கும் மூன்று தடங்களில் மதிப்பெண் குறைந்த ஒன்றின் பேருந்தை எடுத்துப் புறவழிச் சாலைப் பக்கம் விட்டுவிடுவார்களாம். அது என் கவலை இல்லை. நான் ஒரு அளவுகோல். எந்தத் துணியை வைத்தாலும் எனக்கு ஒன்றுதான்.

ஜூன் 4, செவ்வாய்

கால அட்டவணைப்படி செவ்வந்தி எட்டு ஐந்துக்குப் புறப்பட வேண்டும். எட்டு மணிக்கே போய் நின்றேன். நிறுத்தத்தில் நானும் ஒரு நாயும். நாய் என்னைப் பரிதாபமாகப் பார்த்தது.

எட்டேகாலுக்கு மேல் வீடுகளின் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி பெண்கள், தலை சீவிக்கொண்டே ஆண்கள், பாதி ஷூ போட்ட பள்ளிப் பிள்ளைகள். யாரும் ஓடவில்லை. எல்லோரும் வந்து நின்ற நிமிடத்தில் பேருந்து திரும்பியது. ஒத்திகை பார்த்த நாடகம் மாதிரி இருந்தது.

பக்கத்தில் நின்ற பெண்மணி, பம்புசெட் கம்பெனியில் மோட்டாருக்குக் கம்பி சுற்றுபவராம், பெயர் தெய்வாத்தாள், என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏங்கண்ணு, நேரத்துலயே வந்து நின்னுட்டு இருந்தயா?"

"எட்டு ஐந்துன்னு போர்டுல போட்டிருந்தது..."

"அது போட்டிருக்கும் கண்ணு. போர்டுன்னா எதாச்சும் போட்டிருக்கோணுமல்ல?"

நடத்துநர் நாச்சிமுத்து படியில் தொங்கிக்கொண்டு ஒரு வீட்டைப் பார்த்துக் கத்தினார். "சுப்பண்ணா, வாங் வாங்! சட்டைய வண்டில வந்து மாட்டிக்கலாமுங்!" சுப்பண்ணன் சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். ஓட்டுநர் ஆறுச்சாமி கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். அவர் தலையில் முடி இல்லை. காலை வெயில் அதில் பட்டுக் கூரையில் ஒரு வட்டம் ஆடியது.

இந்தத் தடத்தின் கூட்டம் முழுக்கச் சிட்டேரிப்பாளையத்தில் ஏறுவதுதான். அடுத்த நிறுத்தங்களில் இருவர் மூவர்.

நேரந்தவறாமை: பூஜ்யம். பண்பு: பத்துக்கு ஆறு. பாட்டுச் சத்தம்: என் காது இன்னும் திரும்பி வரவில்லை.

ஜூன் 6, வியாழன்

வடை எதுவும் சாப்பிடவில்லை. தெய்வாத்தாள் கொடுத்தது போண்டா. விதியில் போண்டா இல்லை.

ஜூன் 10, திங்கள்

இந்தப் பேருந்து தாமதமாக வருகிறது என்று சொல்வது சரியில்லை. தினமும் ஒரே அளவு தாமதமாக வருகிறது. காரணம் இன்றுதான் தெரிந்தது. இங்கே தெருக் குழாயில் காலை எட்டேகால் வரை தண்ணீர் வரும். அது நிற்கும்வரை ஒரு வீட்டிலும் ஆள் நகர முடியாது. அதனால் குழாய் நின்ற பிறகு பேருந்து வருகிறது. யாரும் இதை முடிவு செய்யவில்லை. குழாயும் செவ்வந்தியும் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டது போல் நடக்கிறது.

காத்திருத்தலுக்கென்று ஒரு திணையே ஒதுக்கி வைத்த மொழி நம்முடையது. எங்கள் படிவத்தில் அதற்கு ஒரு கட்டம்கூட இல்லை. ஞானராஜ் சாரிடம் இதைச் சொன்னேன். அதாவது, திணையை விட்டுவிட்டுக் கட்டத்தை மட்டும்.

"தாமதம் தாமதம்தாம்மா. நல்ல தாமதம், கெட்ட தாமதம்னு சாஃப்ட்வேர்ல இல்ல" என்றார். "உங்க தடம்தான் இப்ப கடைசில இருக்கு."

எனக்கு ஒன்றுமில்லை. தகவலுக்காக எழுதி வைக்கிறேன்.

ஜூன் 11, செவ்வாய்

அம்மா போன் செய்தாள். "யார்கிட்டயாவது பேசுறியாடி அங்க?" என்றாள். பேசக் கூடாது என்பது வேலையின் விதி என்று விளக்கினேன். "எங்கேருந்துடி தேடிப் பிடிச்ச இத?" என்றாள்.

ஜூன் 12, புதன்

விஷயம் வெளியே தெரிந்துவிட்டது. ரகசிய ஆபீசர் ஒருவர் செவ்வந்தியில் வருகிறார் என்று பேருந்து முதலாளியம்மாவுக்கு யாரோ சொல்ல, அவர் நாச்சிமுத்துவுக்குப் போன் போட்டிருக்கிறார்.

ஏறியதும் எனக்கு வியர்த்துவிட்டது. நாச்சிமுத்து பயணிகளை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்தார். என்னைத் தாண்டும்போது, "அம்மிணி, கொஞ்சம் அக்கட்டால தள்ளுங், ஆபீசரத் தேடிட்டிருக்கறேன்" என்றார்.

தள்ளி நின்றேன்.

கடைசியில் கண்டுபிடித்தும் விட்டார். பின்படி ஓரம் நிற்கும் இளைஞன். சனிக்கிழமையிலிருந்து வருகிறான். இஸ்திரி போட்ட சட்டை, கையில் அட்டை, அட்டையில் காகிதம். எல்லோரையும் உற்று உற்றுப் பார்த்து ஏதோ குறித்துக்கொள்கிறான். நான்கூடக் கவனித்திருந்தேன். பணி நிமித்தமாக.

நாச்சிமுத்து தோள் துண்டை எடுத்து ஒரு ஜன்னல் இருக்கையை இரண்டு முறை துடைத்தார். "சார், உக்காருங்." அவன் பதறி, "இல்லைங்க, எனக்கு நின்னாத்தான் எல்லாம் நல்லாத் தெரியும்" என்றான்.

நாச்சிமுத்து ஓட்டுநர் பக்கம் போய்க் குனிந்தார். "அவரேதாங் அண்ணா. அவரு வாயாலயே சொல்லிட்டாரு."

பாட்டு அந்த நிமிடமே நின்று பக்திக்கு மாறியது.

ஜூன் 13, வியாழன்

செவ்வந்தி எட்டு ஐந்துக்கு வந்துவிட்டது.

நான், நாய், ஆபீசர். நாய் எழுந்து நின்றுவிட்டது. நாச்சிமுத்து சீருடையில் எல்லாப் பித்தானும் போட்டிருந்தார். ஓட்டுநர் தலையில் புதுத் தொப்பி. நாங்கள் இருவர் மட்டும் ஏற, பேருந்து கிளம்பியது. திரும்பிப் பார்த்தேன். ஒரு வாசலில் தெய்வாத்தாள் கையில் குடத்தோடு நின்றார். அந்த முகத்தை எழுத வரவில்லை. சூரியன் மேற்கே உதித்திருந்தால் அப்படி இருக்கும்.

நேரந்தவறாமை: பத்துக்குப் பத்து.

ஜூன் 17, திங்கள்

இன்றும் எட்டு ஐந்து. ஏறியவர்கள் நான்கு பேர்.

மாலை தெய்வாத்தாளைப் பார்த்தேன். வியாழன் முதல் மெயின் ரோடு வரை நடந்து போகிறாராம். இரண்டு நாள் கம்பெனி கேட்டைச் சாத்திவிட்டார்கள். "இன்னொரு வாட்டி லேட்டுன்னா நின்னுக்கன்னுட்டான் கண்ணு, சூப்பரவைசர். தண்ணி பிடிக்காம வந்தா ஊட்டுல சோறில்ல. பிடிச்சுட்டு வந்தா வேலையில்ல. என்னதான் பண்றது?"

நாச்சிமுத்துவிடம் கேட்டீர்களா என்றேன். (கேட்டது நான்தான். விதி எனக்குத் தெரியும்.)

"கேட்டனே. ஆபீசரு போற வரைக்கும் பல்லக் கடிச்சுட்டு இருங்க்கா, மார்க்கு கொறஞ்சா பஸ்ஸையே தூக்கிருவாங்கங்கறான்."

ஜூன் 18, செவ்வாய்

ஞானராஜ் சார் என் எண்களைப் பார்த்து மகிழ்ந்து, பிறகு வருந்தினார். "டைமிங் பிரமாதம். ஆனா பஸ்ல ஆளே இல்லையேம்மா. பயணிகள் எண்ணிக்கைக்குத்தான் பாதி மார்க். இந்த மாசம் இருபத்தெட்டோட கணக்கு முடியுது. இப்படியே போனா உங்க தடம் காலி."

"சார், பஸ் நேரத்துக்கு வர்றதாலதான் ஆள் இல்ல."

பேனாவைக் கீழே வைத்தார். "இத நான் மேல எப்படிம்மா சொல்லுவேன்?"

ஆக, இந்தப் பேருந்துக்கு வந்த ஒரே நோய் நான்தான். நான் அளக்க வராமல் இருந்திருந்தால் அது பாட்டுக்கு இருந்திருக்கும். காய்ச்சல் பார்க்க வைத்த கருவியே காய்ச்சலைத் தருவது பற்றி எங்காவது படித்திருக்கிறேனா என்று யோசித்தேன். இல்லை. இவ்வளவு முட்டாள்தனத்தை யாரும் எழுத மாட்டார்கள்.

ஜூன் 19, புதன்

பேருந்து முழுக்கக் காலி. ஆனாலும் ஆபீசர் என் பக்கத்து இருக்கைக்கு வந்து உட்கார்ந்தான்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கலாமா? இவங்க ஏன் என்னை இப்படிக் கவனிக்கறாங்க? தினமும் இளநீர் வாங்கித் தர்றாங்க. வேண்டான்னா அழுகற மாதிரி பாக்கறாங்க."

பெயர் செந்தூரன். முடி மாற்று மருத்துவமனை ஒன்றில் வேலை. எந்தப் பேட்டையில் புதுக் கிளை திறக்கலாம் என்று பார்க்க, பேருந்து பேருந்தாகப் போய் வழுக்கைத் தலைகளை எண்ணுகிறானாம். அட்டையை என்னிடம் காட்டினான். 'முழுமை', 'பாதி', 'உச்சி மட்டும்', 'மறைக்கும் முயற்சி' என்று நான்கு கட்டங்கள்.

"இந்தத் தடத்துல இப்ப ஆளே வர்றதில்ல. டிரைவர் ஒருத்தர்தான் எனக்கு உறுதியான கணக்கு. அவரும் தொப்பி போட்டுட்டார்" என்று பெருமூச்சு விட்டான்.

சிரித்துவிட்டேன். சத்தமாக. நாச்சிமுத்து திரும்பிப் பார்த்தார்.

"நீங்க என்ன பண்றீங்க?"

"வேலைக்குப் போறேன்."

"தினமும் காந்திபுரத்துல இறங்கி, இதே பஸ்ல திரும்ப ஏறிக்கறீங்களே?"

"மறதி" என்றேன்.

அவனுக்கு அடர்த்தியான முடி. அவன் கணக்கில் அவனே வர மாட்டான். இது வெறும் அவதானிப்பு.

ஜூன் 20, வியாழன்

என் வாழ்நாளில் செய்யாத ஒன்றைச் செய்தேன். பேருந்து கிளம்பும் முன் எழுந்து நின்று, "அண்ணா, நான்தான் அந்த ஆபீசர்" என்றேன்.

நாச்சிமுத்து என்னைப் பார்த்தார். ஓட்டுநரைப் பார்த்தார். மிகுந்த கனிவோடு சொன்னார்: "சாப்புட்டீங்களா அம்மிணி?"

"நெஜமாதான் சொல்றேன். அவர் ஆபீசர் இல்ல. நீங்க பழையபடி எட்டேகாலுக்கு மேல வாங்க. போதும்."

"செரி செரி, உக்காருங். வெயில் பாருங், காலைலயே இந்தப் போடு போடுது."

அடையாள அட்டையைக் காட்டினேன். புகைப்படத்தில் நான் என்னைப் போலவே இல்லை. "இது யாருங், உங்க அக்காளா?" என்றார்.

செந்தூரன் எழுந்தான். "அவங்க சொல்றது சரிங்க. நான் வழுக்கைதான் எண்ணறேன்."

ஆறுச்சாமி ஒரு கையால் தொப்பியைப் பிடித்துக்கொண்டார். நாச்சிமுத்து சிரித்தார். "ஆபீசருங்கன்னா அப்படித்தானுங்க சொல்லோணும்."

"சரி, நான் ஆபீசர்னே வெச்சுக்குங்க. நான் சொல்றேன், எல்லாரும் வர்ற வரைக்கும் வண்டிய நிறுத்துங்க" என்றான் செந்தூரன்.

நாச்சிமுத்து முகம் மாறியது. ஓட்டுநரிடம் ஓடினார். எனக்குக் கேட்டது: "சோதன பண்றாருங் அண்ணா! சொன்னா நிறுத்தறமான்னு பாக்கறாரு. எடுங் வண்டிய!"

விசில் பறந்தது. எட்டு ஐந்துகூட ஆகவில்லை.

ஜூன் 21, வெள்ளி

ஆபீசர் சொன்னால் நிற்காது. ஆபீசர் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு பயணி தவித்தால்? இரவெல்லாம் படிவத்தைப் பார்த்துக்கொண்டிருந்து கண்டுபிடித்தது. நேரந்தவறாமைக்குப் பக்கத்திலேயே நடத்துநரின் பண்பு என்று இன்னொரு கட்டம் இருக்கிறது.

ஏறும்போது ஒரு செருப்பைக் கழற்றிப் பேருந்துக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

"ஐயோ அண்ணா, என் செருப்பு!"

நாச்சிமுத்து பல்லைக் கடித்தார். செந்தூரன் அட்டையைத் தூக்கினான். உடனே நாச்சிமுத்துவின் முகத்தில் புன்னகை பூத்தது. "அதுக்கென்னங் அம்மிணி. நான் இருக்கறனல்ல" என்று மண்டி போட்டு அடியில் நுழைந்தார். செருப்பு பின்சக்கரத்துக்கு உள்பக்கம் போயிருந்தது. எடுத்து முடிக்கும்போது குழாய் நின்றுவிட்டது. தெய்வாத்தாளும் இன்னும் பத்துப் பேரும் ஏறினார்கள்.

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். ஒரு பேருந்து முழுக்க. எப்படி வீடு வந்தேன் என்று தெரியவில்லை.

ஜூன் 22, சனி

குடை காணோம் என்றேன். இருக்கை இருக்கையாகத் தேடினார்கள். கோயம்புத்தூரில் ஒரு வாரமாக மழை இல்லை.

ஜூன் 24, திங்கள்

இது காந்திபுரம் போகுமா என்று கேட்டேன். போகும் என்றார். எந்த வழி என்றேன். சொன்னார். வேறு வழி இல்லையா என்றேன். மொத்த வழியையும் தரையில் சாக்பீஸால் வரைந்து காட்டினார். பாதிப் பேருந்து நிரம்பிவிட்டது.

"இந்தப் புள்ளைக்கு என்னமோ ஆயிருச்சு" என்று சுப்பண்ணன் சொன்னது என் காதில் விழுந்தது. தெய்வாத்தாள் மட்டும் என் கையில் ஒரு வெற்றிலைப் பாக்கை வைத்து அழுத்தினார்.

ஜூன் 26, புதன்

நேற்று வாந்தி. இன்று மயக்கம். மயக்கம் நன்றாக வந்தது. செந்தூரன் தண்ணீர் தெளித்தான், தேவைக்கு அதிகமாக. கண் திறக்காமல் இருப்பது கடினமாக இருந்தது. வேறு காரணம் எதுவும் இல்லை. தண்ணீர் குளிர்ச்சி.

பேருந்து முழுக்க நிரம்பிவிட்டது. சிலர் நின்றுகொண்டே வந்தார்கள்.

ஜூன் 27, வியாழன்

தடங்களைச் சரிபார்க்க இரண்டாவதாக ஒரு மறைமுகப் பயணியையும் அனுப்புவார்கள் என்று எனக்குத் தெரியாது. ஞானராஜ் சார் அவர் அறிக்கையை வாசித்துக் காட்டினார். "நடத்துநரின் பொறுமை தெய்வீகமானது. ஒரே குறை, தினமும் ஓர் இளம்பெண் ஏறி, சேவைக்கு இடைஞ்சல் செய்கிறார். குடும்பத்தாருக்குத் தகவல் சொல்வது நல்லது."

"உங்க பஸ்தானேம்மா? நீங்க பாத்தீங்களா அந்தப் பொண்ண?"

"பாத்தேன் சார்."

"எப்படி இருக்கா?"

யோசித்தேன். "இப்பக் கொஞ்சம் பரவால்ல சார்."

நாளை ஒரு நாள் நிரம்பிப் போனால் தடம் பிழைத்துவிடும். காலியாகப் போனால் இல்லை. கணக்கு அவ்வளவு நெருக்கத்தில் இருக்கிறது.

ஜூன் 28, வெள்ளி

எட்டு ஐந்து. படியில் நாச்சிமுத்து காத்துக்கொண்டிருந்தார். கையில் ஒரு ஜோடிச் செருப்பு, ஒரு குடை, எலுமிச்சம்பழம், சோடா, பாலிதீன் பை. "எல்லாம் இருக்குதுங் அம்மிணி. இன்னைக்கு ஒண்ணும் சொல்ல முடியாது. கடேசி நாளு. ஏறுங்."

ஒரு காலைப் படியில் வைத்தேன். இன்னொரு கால் தரையில். மூளையில் ஒன்றுமே இல்லை. இத்தனை புத்தகம் படித்து என்ன பயன் என்று தோன்றியது. செந்தூரன் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். தூரத்தில் குழாயடியில் குடங்கள் வரிசையாக நின்றன.

அப்போது நான் பேச ஆரம்பித்தேன்.

"அண்ணா, உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்" என்றேன். "சொல்லுங்" என்றார், விசிலை வாயில் வைத்தபடி. சொன்னேன். என்னைப் பற்றி. முதலில் ஒரு வரிதான் இருந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று வந்தது. நான் என்ன பேசினேன் என்று இங்கே எழுதப் போவதில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் வரை வந்துவிட்டேன் என்பது மட்டும் நினைவிருக்கிறது. நடுவில் எப்போதோ நாச்சிமுத்து விசிலை எடுத்துவிட்டார். ஆறுச்சாமி எஞ்சினை அணைத்துவிட்டு, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு திரும்பி உட்கார்ந்தார். செந்தூரன் எதையும் குறித்துக்கொள்ளவில்லை.

திரும்பிப் பார்த்தபோது பின்னால் கூட்டம் நின்றது. ஈரக் கைகள். யாரும் என்னைத் தள்ளிக்கொண்டு ஏறவில்லை.

"பொறவு என்னாச்சுங்?" என்றார் நாச்சிமுத்து.

"வண்டிய எடுங்க அண்ணா" என்றேன். "எல்லாரும் வந்துட்டாங்க."

ஜூலை 5, வெள்ளி

மூன்று தடங்களில் இரண்டாவது. செவ்வந்தி சிட்டேரிப்பாளையத்திலேயே ஓடும். நேரந்தவறாமை படுமோசம், பண்பில் மூன்றிலும் முதல். இறுதி அறிக்கையில் தாமதத்தின் காரணம் என்ற இடத்தில் 'ஒரு பயணி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தேன். ஞானராஜ் சார் அதையும் இரண்டாவது அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னை ஏறிட்டுப் பார்த்தார், முதல் முறையாக. "அடுத்த வேலைக்கு உங்கள அனுப்ப முடியாதும்மா" என்றார். "உங்கள இப்ப எல்லாருக்கும் தெரியும்."

ஜூலை 8, திங்கள்

வேலை இல்லை. எட்டேகால் தாண்டிக் கிளம்பி நிறுத்தத்துக்குப் போனேன். ஒரு நடை போய்ப் பார்க்கலாம் என்றுதான். ஆபீசர் போய்விட்டதால் செவ்வந்தியும் அப்போதுதான் திரும்பியது, பழைய பாட்டோடு. செந்தூரன் இப்போது சிங்காநல்லூர்த் தடத்தில் எண்ணுகிறான். நான் கேட்கவில்லை, செய்தியில் அனுப்பியிருந்தான். நான் பதில்தான் அனுப்பினேன். ஏழெட்டு.

ஏறியதும் தெய்வாத்தாள் மடியிலிருந்த சாப்பாட்டுத் தூக்குப்போசியை எடுத்துவிட்டுப் பக்கத்தில் இடம் காட்டினார். சுப்பண்ணன் முன் இருக்கையிலிருந்து முழுதாகத் திரும்பி உட்கார்ந்தார். நாச்சிமுத்து ஓடி வந்தார்.

"வா கண்ணு, உக்காரு" என்றார் தெய்வாத்தாள். "பத்து நாளா ராத்திரி தூக்கமில்ல எங்களுக்கு. அந்தப் பொண்ணு பாக்க வந்தவீங்க, சொஜ்ஜியத் தின்னுபோட்டு என்னதான் சொன்னாங்க?"

"அண்ணா, பாட்டக் கொஞ்சம் கொறைங்!" என்று நாச்சிமுத்து முன்பக்கம் கத்தினார்.

சொன்னேன். காந்திபுரம் வந்துவிட்டது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை.